ஒரு தட்டு என்றால் நிறுத்து

மார்ச் 14

அண்ணனுக்கு,

போனஸ் கைக்கு வந்த ஒன்பதாம் நாள் நீங்கள் ஓடிப்போனீர்கள். ராஜினாமா, விடுப்பு, குடும்பச் சூழ்நிலை என்று என்ன பெயர் வைத்தாலும் நடந்தது அதுதான். பத்தொன்பது வருஷம் இந்தக் கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்த்தீர்கள். அதில் ஆறு வருஷம் நான்தான் உங்கள் ஜோடி. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை வந்து உங்கள் கருவிப்பெட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு எண்ணெய்க் கறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போன் செய்தேன். மூன்று தடவை எடுத்தீர்கள். "ஏன் போனீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா, நீ சாப்பிட்டியா?" என்கிறீர்கள். மறுபடி கேட்டால் "ம்ம்… ம்ம்… சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். குறுஞ்செய்தி அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்று வருகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உங்கள் மச்சான் கடை முகவரியை ஸ்டோர்காரர் கொடுத்தார்.

ஷெட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். "பணம் சூடு ஆறுறதுக்குள்ள எதிர்க்கம்பெனிக்குத் தாவிட்டாருப்பா." நீங்கள் கால்குலேட்டர் என்று பெயர் வைத்த அதே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்று சிரித்தான். ஏன் கேட்கமாட்டான்? நம்முடையது ஜோடி போனஸ். வருஷம் முழுக்க விபத்தே இல்லை என்று இருவரும் கையெழுத்துப் போடவேண்டும், பணம் தரும் நாளில் இருவரும் வேலையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. போன டிசம்பரில் "அவரு ரொம்ப மெதுவா ஆயிட்டாரு, உனக்கு வேற ஜோடி தரட்டுமா?" என்று அவன் கேட்டபோது, "அவரு எங்கேயும் போகமாட்டாரு, நான் பொறுப்பு" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இப்போது எனக்கு ஜோடி நாற்பது வயசு ஆள். நல்லவர்தான். ஆனால் அவர் லிஃப்ட் தண்டவாளத்தில் சுத்தியலால் தட்டிச் சேதி சொல்வது, வாடகை கேட்க வந்தவர் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் தட்டினால் பதினான்கு மாடிக்குக் கீழே இருந்து வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு மேலே. மூன்று கீழே. இந்த மூன்று வார்த்தையை வைத்தே ஆறு வருஷம் ஓட்டினோம்.

பதில் எழுதுங்கள். கைகூப்பும் படம் வேண்டாம்.

கரண்டு

மார்ச் 29

கரண்டுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாகத் திட்டுகிறாய். உனக்கு அந்தப் பெயர் வைத்தவன் நான்தான் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு.

நான் எதிர்க்கம்பெனிக்குப் போகவில்லை. மச்சான் கடையில் பள்ளிக்கூட நாற்காலிகளுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். மெஷின் வைத்துத் தேய்க்கிற சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்துத் தையல் கடைக்காரர் சண்டைக்கு வந்தாராம். எனக்கு ஒன்றும் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை.

போனஸ் என்பது போன வருஷத்து வேலைக்கு. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை உழைத்தோம். பிப்ரவரிக் கடைசியில் கொடுத்தார்கள். மாதம் முடிந்து சம்பளம் வாங்கியவன் மறுநாள் வேலையை விட்டால் அவனைத் திருடன் என்பாயா? தாமதமாகக் கொடுத்தது அவர்கள். நான் அதை வாங்கினேன், அவ்வளவுதான்.

இப்படி எழுதிவிட்டேன். எழுதியதைப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசுக்குச் சரியாக இல்லை. அதை விடு.

பதினான்கு மாடிக் கட்டடத்தின் மேல் அறையில் புறா முட்டை வைத்திருந்ததே, பொரிந்ததா? மெஷின் ரூமில் கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டது ஞாபகம் வருகிறது. ஜன்னல் என்று ஒன்று கிடையாது, காற்றுக்கு விட்ட ஓட்டைதான். அதன் வழியாக மொத்த ஊரும் தெரியும். "இத்தனை பேரை மேலே கீழே தூக்கிவிடுறோம், நம்மள ஒருத்தனும் பார்த்ததில்ல" என்று நீ ஒருநாள் சொன்னாய். நான் "பார்த்தா லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்து உனக்குப் புரையேறியது.

ஒன்று மட்டும் கேள். அந்தப் புது ஆளை லிஃப்ட் குழியில் இறக்கு. நீ மேலே இரு. நீ இறங்காதே.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

"நீ குழியில் இறங்காதே." கடைசி எட்டு மாதம் இதே வாக்கியம்தான். முழங்கால் வலி, மேலே படி ஏற முடியவில்லை, அதனால் நீங்கள் கீழே, நான் மேலே. லிஃப்டுக்கு அடியில் அந்தப் பள்ளத்தில் இறங்குவதற்கும் ஏணி ஏறி இறங்கத்தானே வேண்டும்? முழங்காலுக்கு அது வலிக்காதா? பொம்பளைப் பிள்ளை குழிக்கு லாயக்கில்லை என்று ஆறாவது வருஷத்தில் உங்களுக்குத் திடீரென்று தோன்றிவிட்டது என்று நினைத்தேன். அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சத்தத்தை வைத்தே லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்வீர்கள். தோற்றவர் டீ வாங்க வேண்டும். நான்கு வருஷத்தில் ஒரே ஒரு டீதான் நான் உங்களிடம் ஜெயித்தேன், அதுவும் யாரோ பாதி மாடியில் கதவைத் திறந்ததால். அப்புறம் நீங்கள் பந்தயம் கட்டுவதையே நிறுத்திவிட்டீர்கள். நான் உங்களைக் கஞ்சன் என்று ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏன் நிறுத்தினீர்கள்?

இப்போது செய்தி. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இனிமேல் போனஸ் வாங்குகிறவர் அதற்குப் பிறகு ஒரு வருஷம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டால் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் நாற்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டம் போட்டுக் கால்குலேட்டர் காரணம் சொன்னான்: "நம்பிக்கையைச் சில பேர் தவறாப் பயன்படுத்திட்டாங்க." பெயர் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெல்டர் இருக்கிறாரே, உங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தே ஏழையானவர். அவரே சொல்கிறார், "அவரு மட்டும் நல்லா இருப்பாரு, நாம கட்டிப்போட்ட மாடு." ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் உண்மை ஒன்று இருந்தால் அதை வைத்து மூடலாம். நீங்கள் ஒன்றை மறைக்கிறீர்கள். போனஸ் போன வருஷத்து வேலைக்கு என்று ஒழுங்காக வாதம் செய்துவிட்டு, மனசுக்குச் சரியாக இல்லை என்று எழுதுகிறவர், நிச்சயம் ஒன்றை மறைக்கிறார்.

புறாக்குஞ்சு இரண்டு. ஒன்று செத்துவிட்டது.

கரண்டு

மே 2

கரண்டுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாற்காலி தேய்க்கிற கைக்கு எழுத்து வரவில்லை என்று உன் அண்ணியிடம் சொன்னேன். கையில் ஒன்றும் கோளாறில்லை என்று அவளுக்கும் தெரியும்.

எனக்குக் காது கேட்கவில்லை.

இடது காது போய் மூன்று வருஷம் இருக்கும். வலது காதில் பாதி இருக்கிறது. அதுவும் சத்தமில்லாத அறையில், எதிரே உட்கார்ந்து, வாயைப் பார்த்தால். போனில் நீ பேசுவது தகரத்தின் மேல் மழை பெய்கிற மாதிரி. "சாப்பிட்டியா" என்று கேட்டால் எந்தக் கேள்விக்கும் பாதியாவது பொருந்தும் என்று கேட்டேன். பந்தயத்தை நிறுத்தியதும் இதனால்தான். நான் கஞ்சன் இல்லை என்று வெல்டரிடம் சொல்.

இன்னொரு சங்கடம், காதுக்குள்ளே மெஷின் ரூம் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. கட்டடங்களை விட்டுவிட்டு வந்துவிட்டேன். மோட்டார் மட்டும் என்னோடு வந்துவிட்டது.

இனி நூலகக் கட்டடத்தில் நடந்ததற்கு வருகிறேன். போன ஜூன். நீ குழியில், நான் மேலே. லிஃப்டைக் கீழே கொண்டுவரச் சொல்லி மூன்று தட்டினாய். எப்படியோ கேட்டது, இறக்கினேன். அப்புறம் நிறுத்தச் சொல்லி ஒன்று தட்டியிருக்கிறாய். எத்தனை முறை தட்டினாய் என்று இன்று வரை உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கம்பிக்கயிற்றில் தரைத்தளத்துக்கு நாம் அடித்திருந்த மஞ்சள் பெயின்ட் குறி என் கண்முன்னே தாண்டிப் போனது. அப்போதுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

நீ மேலே ஏறி வந்தாய். முகமெல்லாம் கிரீஸ், ஹெல்மெட்டில் நீளமாக ஒரு கீறல். குழித்தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டதாகவும், மூக்குக்கு மேலே ஒரு ஜாண் இடம் இருந்ததாகவும் சொன்னாய். அப்புறம் நீயே, "மோட்டாரை நிறுத்துற ரிலே ஒட்டிக்கிச்சு போல அண்ணே" என்றாய்.

நான் ஆமாம் என்றேன்.

நான் செய்த திருட்டு அந்த ஆமாம்தான். போனஸ் இல்லை.

அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் ஜோடி போனஸ் உனக்கும் கிடையாது. விடுதியில் ஆறு கட்டிலில் ஒரு கட்டில், அதற்கடியில் ஒரு பெட்டி, அதுதான் உன் வீடு என்று நீ சொல்லியிருந்தாய். போனஸ் வந்தால் தனி அறைக்கு முன்பணம் கட்டுவேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருநாள் முழுக்கத் தூங்குவேன் என்றாய். அதனால் இருந்தேன். மேலே மட்டும் போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். குழியில் லிஃப்ட் ஓடுகிற இரும்புத் தண்டவாளம் இருக்கிறதல்லவா, அதில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். மேலே இருந்து நீ பதிலுக்குத் தட்டுவது கைக்குத் தெரியும். எட்டு மாதம் உன்னைக் கையால்தான் கேட்டேன். பொம்பளைப் பிள்ளை என்பதால் உன்னைத் தடுக்கவில்லை.

ஒன்பது நாள் ஏன் என்றால், மறுநாளே போயிருப்பேன். ஆனால் நூலகத்துக் குழியில் நிறுத்தும் பொத்தான் இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்தது. கேட்டுக் கேட்டு எழுதினோம், வரவில்லை. அது வேலை செய்திருந்தால் நீ என்னை நம்ப வேண்டியிருந்திருக்காது. சொந்தமாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பொத்தான் வந்துசேர ஒன்பது நாள் ஆகிவிட்டது.

அண்ணன்

மே 11

அண்ணனுக்கு,

ஆறு முறை தட்டினேன். நீங்கள் கேட்கவில்லையே, அதனால் சொல்கிறேன். ஆறாவது தட்டில் சுத்தியல் கையிலிருந்து நழுவிவிட்டது.

முதல் கடிதத்தில் சங்கு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பேனாவால் அடித்துவிடுங்கள். அடித்தீர்களா என்று அண்ணியிடம் கேட்பேன்.

மூன்று வருஷம். நூலகத்துக்கு முன்னால் இரண்டு வருஷம், பாதிக் காதோடு நீங்கள் மேலே நின்றிருக்கிறீர்கள், நான் கீழே படுத்திருக்கிறேன். அதற்கு உங்களை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பெரிய மனசு என்று உங்களை யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் என் பங்கையும் எழுத வேண்டும். அந்த ரிலேயை அன்றைக்கே கழற்றினேன், ஞாபகம் இருக்கிறதா? விடுதிக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே தீய்ந்த அடையாளம் ஒன்றுகூட இல்லை. புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. ரிலே ஒட்டவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். நீங்கள் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருந்தால் மெஷின் ரூம் அட்டையில் எழுதவேண்டி வந்திருக்கும். எழுதியிருந்தால் விபத்தில்லா ஆண்டு போயிருக்கும். அதனால் என் கையால், "வழக்கமான பராமரிப்பு, குறை ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். நீங்கள் கீழே கையெழுத்துப் போட்டீர்கள். என் அறையின் தாழ்ப்பாள் அந்த வரிதான்.

இப்போது நான் யோசிப்பது இதைத்தான். நாம் இரண்டு பேரும் மாறி மாறி யார் திருடன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். விபத்து நடக்காததற்கு அவர்கள் போனஸ் கொடுக்கவில்லை. நடந்ததைச் சொல்லாததற்குக் கொடுத்தார்கள். ஒரு ஜோடி காதடைப்பான் என்ன விலை? இரண்டு டீ விலை இருக்குமா? பத்தொன்பது வருஷம் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் உங்களை நிற்கவைத்தார்கள். வாக்கி-டாக்கி கேட்டோம். "சுத்தியல் இருக்கே" என்றான் கால்குலேட்டர். வாக்கி-டாக்கி இருந்திருந்தால் உங்கள் காதுக் குறையை நாம் இரண்டு பேருமே என்றைக்கோ கண்டுபிடித்திருப்போம். காதை வாங்கிக்கொண்டு போனஸ் கொடுத்தவன், வாங்கிக்கொண்டு ஓடிவிட்டீர்கள் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறான். நாற்பத்தோரு பேர் தலையாட்டுகிறோம்.

காது டாக்டரிடம் போங்கள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் தனியாகப் போனால் எல்லாவற்றுக்கும் ம்ம் என்று சொல்லிவிட்டு வருவீர்கள். சோதனைச் சீட்டு வாங்குங்கள். இந்த வேலையால் காது போனது என்று கம்பெனிக்கு எழுதுங்கள். நூலகத்தில் நடந்ததையும் எழுதுங்கள். என் பெயரை விடாதீர்கள்.

கரண்டு

ஜூன் 1

கரண்டுக்கு,

டாக்டரிடம் போனேன். அண்ணிதான் உள்ளே பேசினாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் அண்ணி அழுதுகொண்டிருந்தாள். சோதனை முடிந்துவிட்டதாம்.

சீட்டு அலமாரியில் இருக்கிறது. கடிதம் மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் அட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். அது உன் கையெழுத்து. போனஸைத் திருப்பிக் கேட்பார்கள், அப்புறம் வேலை. மறுபடி ஆறு கட்டிலா? இவ்வளவும் எதற்காகச் செய்தேனோ அதையே நான் உடைக்கவேண்டும் என்கிறாய்.

என்னை ஓடிப்போனவன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குத்தான் அது கேட்காதே.

ஷெட்டில் சாயங்காலம் எல்லோரும் கை கழுவுகிற தொட்டி இருக்கிறதே, அந்தச் சோப்புத்தூள் வாசனை இங்கே மரத்தூளுக்கு நடுவில் திடீரென்று வருகிறது. இங்கே அப்படி ஒரு தூளே கிடையாது. எப்படி வருகிறது என்று தெரியவில்லை.

தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினாயா? அதை நீ எழுதவே இல்லை.

அண்ணன்

ஜூன் 16

அண்ணனுக்கு,

தூங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை. எழுந்து உட்கார்ந்து, வீட்டில் யாருமே இல்லாததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

அந்த அறையைக் காட்டி என்னை மிரட்டாதீர்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்காக என்றால், அதற்கு நான் உங்களைக் கேட்கவில்லை. போன தடவையும் கேட்கவில்லை. ஆறு வருஷம் கூட வேலை செய்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்கு நல்லது செய்வது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

போன வாரம் நூலகத்துக்குப் போயிருந்தேன். குழியில் நான்தான் இறங்கினேன். நீங்கள் மாட்டிய சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். லிஃப்ட் நின்றது. அட்டையையும் எடுத்துப் பார்த்தேன். நம் இரண்டு பேர் கையெழுத்தும் அப்படியே இருக்கிறது.

கடிதத்தை நானே எழுதிவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் காது, ஆறு தட்டு, பளபளப்பான ரிலே, என் பொய், வராத பொத்தான், எல்லாம் இருக்கிறது. எனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பேன், காதுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று பதிலுக்குக் கேட்பேன். கீழே இடதுபக்கம் என் கையெழுத்து. வலதுபக்கம் உங்களுக்கு விட்டிருக்கிறேன், அட்டையில் விடுகிற மாதிரியே. கையெழுத்துப் போட்டு, டாக்டர் சீட்டின் நகலோடு அனுப்புங்கள். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

கரண்டு

ஜூலை 20

அண்ணனுக்கு,

முப்பத்துநான்கு நாள். உறை வரவில்லை.

நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வெல்டர் கடைசியாகப் போட்டார். போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளைங்க இருக்குதும்மா" என்றார். நாம் மட்டும் என்ன செய்தோம்?

ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் கால்குலேட்டர் அறைக்குப் போகப்போகிறேன். அவன் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடமாட்டேன். என் தாளைக் கொடுப்பேன். உங்கள் பெயர் இல்லாமல் கொடுத்தால் அது, ஒருத்தி தன் பொய்யை ஒத்துக்கொண்ட கடிதம், அவ்வளவுதான். என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கோப்பில் போட்டு மூடுவார்கள். இரண்டு கையெழுத்து இருந்தால் மூட முடியாது. ஜோடி வேண்டும் என்பது அவர்கள் போட்ட விதிதான்.

நிறுத்தவேண்டும் என்று நினைத்தால் அதையாவது சொல்லுங்கள். வெற்றுத்தாளில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள், ஒரு தட்டு என்று எடுத்துக்கொள்கிறேன். குழியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை என்னை அப்படிக் கிடக்கவிடாதீர்கள்.

வலதுபக்கம் கையெழுத்துப் போடுங்கள், அண்ணே.

கரண்டு